தம்பியை விமான நிலையத்தில் பிடித்துவிட்டார்கள், பையில் இன்னொருவருக்குக் கொண்டுபோன மாத்திரை. என்ன செய்வது?

செம்மண்_செல்வி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கம். என் தம்பிக்கு 26 வயது. மூன்று வருடமாக ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். பொங்கலுக்கு லீவில் வந்துவிட்டு, போன வாரம் திரும்பிப் போனான். இறங்கிய இடத்திலேயே சுங்கத்தில் பையைப் பிரித்து, நரம்பு வலி மாத்திரை 120 இருந்தது என்று பிடித்துவிட்டார்கள். அவன் ரூமில் இருக்கும் ஒருவருக்காக, அவருடைய மச்சான் ஊரில் கொண்டுவந்து கொடுத்த பார்சல் அது. மிக்சர், நார்த்தங்காய் ஊறுகாய், இந்த மாத்திரை. தம்பி வாங்கி அப்படியே பெட்டிக்குள் வைத்ததை நானே பார்த்தேன்.

ஒன்பது நாள் ஆகிறது. ஒரே ஒரு முறை வேறு யாருடைய எண்ணிலிருந்தோ பேசினான். "போலீஸ்ல இருக்கேன், அம்மாகிட்ட சொல்லாதே" என்பதற்குள் கட்டாகிவிட்டது. இப்போது அங்கிருந்து ஒருவர் தினமும் போன் செய்கிறார். ஆறு லட்சம் கொடுத்தால் நீதிமன்றத்துக்குப் போகாமலே எடுத்துவிடலாம் என்கிறார். என்னிடம் இருப்பது எட்டுச் சவரன். அடகு வைக்கலாமா? உள்ளே அடிப்பார்களா? சாப்பாடு கொடுப்பார்களா? தண்டனை வந்தால் இந்தியச் சிறைக்கு மாற்றிக்கொள்ள முடியும் என்று ஒரு வக்கீல் சொன்னார், உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டீமாஸ்டர்_தேவகோட்டை எழுதியது:

தங்கச்சி, முதலில் நகையை உள்ளே வையுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் 2017 ஆகஸ்டில் இதே மாதிரி பிடிபட்டவன். அதே அமீரகம்தான். வலி மாத்திரை, டிரமடால், எட்டு அட்டை. ரூமில் இருந்த அண்ணனுக்கு முதுகு வலி, ஊரில் அவர் தம்பி பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். நம்மூர் மெடிக்கலில் அப்போது அதைக் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். 2018இல்தான் இந்தியாவே அதைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நான் அப்போது உள்ளே இருந்தேன். அங்கேயோ அது ஏற்கெனவே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. மருத்துவர் சீட்டு கையில் இருந்தாலும், அவர்களுடைய அரசிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கசகசாவைக்கூட அங்கே கொண்டுபோகக் கூடாது. குருமாவுக்கு அரைக்கிற கசகசா. அம்மா டப்பாவில் போட்டுக் கொடுத்து மாட்டிக்கொண்ட ஒருவரை நான் உள்ளேதான் பார்த்தேன்.

அந்த ஆறு லட்சத்துக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். கேஸ் நம்பர் என்ன? வக்காலா வாங்கியாச்சா? வக்காலா என்றால் வக்கீலுக்கு உங்கள் தம்பி கொடுக்கும் அதிகாரப் பத்திரம். உள்ளே இருப்பவன் கையெழுத்து இல்லாமல் எந்த வக்கீலும் அங்கே வழக்கில் நிற்க முடியாது. "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல அட்வான்ஸ் போடுங்க" என்று சொன்னால் போனை வைத்துவிடுங்கள். என் மனைவி ஐந்து சவரனை வைத்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் அனுப்பினாள். அந்த ஆள் மலையாளமும் தமிழும் கலந்து அவ்வளவு அன்பாகப் பேசுவாராம். என் பெயரையே அவர் கடைசிவரை தப்பாகத்தான் உச்சரித்தார் என்று இப்போதும் சொல்லிச் சொல்லித் திட்டுவாள்.

இனி நடப்பது இதுதான். போதைத் தடுப்புப் பிரிவு முதலில் சிறுநீர்ச் சோதனை எடுத்திருக்கும். அதில் ஒன்றும் இல்லை என்றால் அது உங்கள் தம்பிக்குப் பெரிய பலம். பிறகு நியாபா, அதாவது அரசு வழக்கறிஞர் அலுவலகம். அங்கே விசாரித்து காவலை நீட்டுவார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் என்று போகும். எனக்கு நான்காவது மாதம்தான் முதல் தீர்ப்பு வந்தது.

நான் செய்த தப்பு நியாபாவில் நடந்தது. அங்கே எல்லாம் அரபி. முத்தர்ஜிம், மொழிபெயர்ப்பவர், இந்தியில் கேட்டார். என் இந்தி சித்தாள் இந்தி. "இது உன் பையா?" ஆமா. "இந்த மாத்திரை உன் பையில் இருந்ததா?" ஆமா. "உனக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். மாத்திரை இருப்பது தெரியும் என்ற அர்த்தத்தில் சொன்னேன். காகிதத்தில் என்ன ஏறியது என்பது எனக்கு மூன்று மாதம் கழித்து வக்கீல் படித்துச் சொன்னபோதுதான் தெரிந்தது: தடை செய்யப்பட்ட மருந்து என்று அறிந்தே கொண்டுவந்தேன் என்று இருந்தது. கீழே என் கையெழுத்து, தமிழில், அழகாக. உங்கள் தம்பி அடுத்த முறை பேசினால் முதலில் இதைச் சொல்லுங்கள்: தமிழ் தெரிந்த முத்தர்ஜிம் வேண்டும் என்று கேட்கட்டும். கிடைக்காவிட்டால் மலையாளமாவது. புரியாமல் "ஆமா" சொல்லவே கூடாது.

தூதரகத்துக்குத் தகவல் போக வேண்டும் என்று கேட்பது அவன் உரிமை. 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆவது பிரிவு அது. நீங்களும் இங்கிருந்து வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற இணையதளத்தில் புகார் பதியுங்கள். பாஸ்போர்ட் நம்பர், பிடிபட்ட தேதி, விமான எண் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்ப்பு நாளில் ஒரு மனு கொடுத்து, அயலகத் தமிழர் துறைக்கு அனுப்பச் சொல்லுங்கள். தூதரகம் வந்து கதவைத் திறந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அந்த நாட்டுத் தீர்ப்பில் அவர்கள் கை வைக்க முடியாது. வந்து பார்ப்பார்கள், வக்கீல் பட்டியல் தருவார்கள். வசதி இல்லாத குடும்பம் என்று ஆவணம் கொடுத்தால் இந்தியச் சமூக நல நிதியிலிருந்து வக்கீல் செலவுக்கு உதவி கேட்கலாம். அந்த நிதி 2009இலிருந்து இருக்கிறது, கேட்டால்தான் வரும்.

ஆனால் இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. வழக்கு அங்கே நடக்கிறது, சாட்சியமெல்லாம் உங்கள் ஊரில் இருக்கிறது. பார்சல் கொடுத்த மச்சான் உங்கள் ஊரில். மாத்திரை வாங்கிய மெடிக்கல் உங்கள் ஊரில். சீட்டு எழுதிக் கொடுத்த டாக்டர் உங்கள் ஊரில். இன்றைக்கே போய் அந்த மச்சானிடம் மருந்துச் சீட்டும் பில்லும் வாங்குங்கள். நாளைக்கு அவர் பேச்சு மாறலாம். வீட்டில் யார் போனிலாவது பார்சல் பற்றிய வாட்சப் குரல் செய்தி இருந்தால் அழிக்காதீர்கள். உங்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனில் நடந்ததை எழுதிக் கொடுத்து, புகார் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் காகிதமெல்லாம் அங்கே செல்ல வேண்டுமானால் நோட்டரி, மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்கி, அரபியில் சட்ட மொழிபெயர்ப்பும் செய்ய வேண்டும். இதற்கே வாரக்கணக்கில் ஆகும். முதல் தீர்ப்பு வந்தபின் மேல்முறையீட்டுக்குக் கிடைப்பது 15 நாள். அதற்குள் முத்திரை வாங்கி முடிக்க முடியாது. இப்போதே தொடங்குங்கள்.

எனக்கு முதல் தீர்ப்பு இரண்டு வருடம். மேல்முறையீட்டில் ஒரு வருடம் ஆனது. அந்த அண்ணன் பெயரில் இருந்த மருந்துச் சீட்டும் பில்லும்தான் காரணம் என்று வக்கீல் சொன்னார். ஒரு லட்சத்து எண்பதாயிரம் செய்யாததை ஒரு மெடிக்கல் பில்லும் ஒரு சீட்டும் செய்தன.

உள்ளே எப்படி என்பதை இரவு கடையை மூடிவிட்டு எழுதுகிறேன்.

நேர்மை_நேசன் எழுதியது:

சொன்னால் கோபப்படுவீர்கள். அடுத்தவன் பார்சலை என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஏன் வாங்க வேண்டும்? மடியில் கனம் இருப்பவனுக்குத்தானே வழியில் பயம்.

டீமாஸ்டர்_தேவகோட்டை எழுதியது:

நேசன் சார், நீங்கள் வளைகுடாவில் இருந்ததில்லை என்று நினைக்கிறேன்.

ஒருவன் ஊருக்குப் போகிறான் என்றால் ஒரு மாதத்துக்கு முன்பே ரூம் முழுக்கத் தெரியும். டிக்கெட்டில் 30 கிலோ. அதில் அவனுக்கு 15 கிலோ இருந்தால் பெரிய விஷயம். மீதி எல்லாம் ரூம்காரர்களின் டைகர் தைலம், சோப்பு, பிள்ளைக்கு வாங்கிய பொம்மை. திரும்பி வரும்போது அதே வீடுகளிலிருந்து ஊறுகாய், கருவாடு, பருப்புப் பொடி. மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் அதே ரூமில் கீழ்க் கட்டிலில் எப்படிப் படுப்பது? என் அப்பா இறந்தபோது டிக்கெட்டுக்குப் பணம் போட்டது அந்த முதுகு வலி அண்ணன்தான். அவர் கேட்ட மாத்திரைக்கு நான் பார்சலைப் பிரித்துச் சோதனை போட்டிருக்க வேண்டும் என்கிறீர்கள். சரி, இன்றைக்கு இருந்தால் போடுவேன். அன்றைக்கு அது மரியாதை இல்லை.

2019இல் மும்பைத் தம்பதி ஒன்று கத்தாருக்குத் தேனிலவு போனது நினைவிருக்கிறதா? அத்தை செலவில் டிக்கெட், கூடவே ஒரு பொட்டலம். தோஹாவில் இறங்கியதும் அதில் நாலு கிலோவுக்கு மேல் ஹஷீஷ். ஆளுக்குப் பத்து வருடம். அந்தப் பெண் கர்ப்பிணி, குழந்தை சிறையில்தான் பிறந்தது. அவர்களுடைய குடும்பம் கத்தாரில் அலைந்துகொண்டு இருக்கவில்லை. மும்பையில் புகார் கொடுத்து, இங்கே உள்ள போதைப்பொருள் தடுப்புப் பிரிவை விசாரிக்க வைத்து, ஏமாற்றித்தான் அனுப்பினார்கள் என்று நிறுவினார்கள். 2021 மார்ச்சில் கத்தார் நீதிமன்றம் விடுதலை செய்தது. இரண்டு வருடம் போனது போனதுதான். ஆனாலும் வழி அங்கிருந்து வரவில்லை, இங்கிருந்து போனது. செல்விக்கு நான் சொல்வதும் அதுதான்.

ஜொகூர்_கலா எழுதியது:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் மலேசியா, ஜொகூர் பாரு. எங்களுக்கு இது பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கதை. சிங்கப்பூரில் ஹெராயின் 15 கிராமைத் தாண்டினால் மரண தண்டனைக்குரிய குற்றம். அதைவிடக் கொடுமை, பை உன்னிடம் இருந்தால் பொருள் உன்னுடையது, அது என்னவென்றும் உனக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது பிடிபட்டவர் வேலை. 2022 ஏப்ரலில் எங்கள் நாட்டுத் தமிழர் ஒருவரைச் சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் தூக்கிலிட்டார்கள். 42 கிராம் சொச்சம். அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவர் சொன்ன ஆள். தூக்குக்கு முன்பு, குடும்பம் வாங்கிக் கொண்டுவரும் நல்ல சட்டையைப் போட வைத்து அங்கே படம் எடுத்துக் கொடுப்பார்கள். வீடுகளில் அந்தப் படம்தான் மாலையோடு தொங்குகிறது. சிரித்துக்கொண்டு இருப்பார்கள்.

செல்வி அக்கா, உங்கள் தம்பியின் வழக்கு மாத்திரை வழக்கு, இது இல்லை. பயப்படுத்த எழுதவில்லை. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. யாராவது "எனக்குத் தெரிந்த ஒருவர்" என்று சொன்னால் எந்த நாடு என்று முதலில் கேளுங்கள்.

பாம்பன்_ஜோதி எழுதியது:

தங்கச்சிமடத்துக்காரர்கள் ஐந்து பேருக்குக் கொழும்பில் தூக்கு என்று 2014 அக்டோபர் 30இல் தீர்ப்பு வந்த அன்று நான் இங்கேதான் இருந்தேன். 2011 நவம்பரில் கடலில் பிடித்தது, ஹெராயின் கடத்தினார்கள் என்று வழக்கு. எங்கள் பக்கம் பஸ் எரிந்தது. மூன்று வாரத்தில் ராஜபக்ச மன்னிப்புக் கொடுத்து ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். ஆனால் அந்த மன்னிப்புக்காகப் போட்ட மேல்முறையீட்டைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. குற்றமற்றவர் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஒரு ஊரே நின்றதால் நடந்தது. தனியாக மாட்டுகிறவனுக்கு ஊர் நிற்காது.

டீமாஸ்டர்_தேவகோட்டை எழுதியது:

கடை மூடியாச்சு. உள்ளே எப்படி என்று கேட்டீர்கள்.

என்னை யாரும் அடிக்கவில்லை. அடித்தார்கள் என்று சொன்னவர்கள் உள்ளே இருந்தார்கள், அது வேறு. உங்கள் தம்பி இப்போது இருக்கும் போலீஸ் காவல்தான் மோசமான கட்டம். ஒரே சட்டை, வெளிச்சத்தை அணைக்க மாட்டார்கள், பகலா இரவா தெரியாது. பாங்கு சத்தத்தை வைத்துத்தான் நேரம். பெரிய சிறைக்கு மாற்றிவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம். மாற்றும் செய்தி வந்தால் அழாதீர்கள், அது நல்ல செய்தி.

எங்கள் கூடத்தில் 40 கட்டில், அறுபது எழுபது பேர். புதிதாக வருபவனுக்குத் தரை. ஒருவன் விடுதலையாகிப் போனால் ஒரு கட்டில் காலியாகும், வரிசைப்படி. எனக்கு நாலு மாதம் தரைதான். வெயில் நாட்டில் இருந்துகொண்டு நான் குளிரில் நடுங்கியது அங்கேதான். ஏசியை அவ்வளவு வைப்பார்கள். ஆளுக்கு இரண்டு கம்பளி. ஒன்று கீழே, ஒன்று மேலே. காலையில் குப்பூஸ் ரொட்டியும் பருப்பும், மதியம் சோறு, சில நாள் கோழி. பசித்துக் கிடக்கவில்லை. ஆனால் உப்பும் இல்லை, புளியும் இல்லை. ஊறுகாயைக் கொண்டுபோய் மாட்டியவன் ஊறுகாய்க்கு ஏங்கினான் என்று எழுதினால் சிரிப்பீர்கள்.

நோய் வந்தால் கஷ்டம். எனக்குச் சிரங்கு வந்து இரவெல்லாம் சொறிவேன். எதற்குப் போனாலும் பனடோல், நம்மூர் பாராசிட்டமால்தான். தலைவலிக்கும் பனடோல், சிரங்குக்கும் பனடோல். தம்பிக்கு ஏற்கெனவே நோய் ஏதாவது இருந்தால், ஆஸ்துமா, வலிப்பு மாதிரி, அதை மனுவில் கண்டிப்பாக எழுதுங்கள்.

துணி, சாப்பாடு எதுவும் இங்கிருந்து அனுப்ப வேண்டாம். பணம்தான். கைதியின் கணக்கில் கட்டினால் உள்ளே கேண்டீனில் சோப்பு, பனியன், போன் கார்டு வாங்கலாம். ஷார்ஜாவில் இருக்கும் நல்ல நண்பர் ஒருவரை மட்டும் பிடியுங்கள். மாதம் இருநூறு திர்ஹாம் கட்டச் சொல்லுங்கள். உள்ளே போன் கார்டு இருக்கிறவனைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நிற்பார்கள்.

இந்தியச் சிறைக்கு மாற்றுவது பற்றி. சட்டம் இருக்கிறது, 2003இல் வந்தது. அமீரகத்தோடு 2011இல் ஒப்பந்தமும் போட்டார்கள். ஆனால் தீர்ப்பு இறுதியாகியிருக்க வேண்டும், மேல்முறையீடு பாக்கி இருக்கக் கூடாது, குறைந்தது ஆறு மாதத் தண்டனை மீதம் இருக்க வேண்டும், இரண்டு அரசும் கைதியும் சம்மதிக்க வேண்டும். மாற்றினால் விடுதலை இல்லை, மீதியைப் புழலிலோ மதுரையிலோ கழிக்க வேண்டும். அந்தக் காகிதம் இங்கும் அங்கும் போய் வருவதற்குள் சின்னத் தண்டனை தானே முடிந்துவிடும். அங்கே ரமலானுக்கும் தேசிய தினத்துக்கும் மன்னிப்புப் பட்டியல் வரும். எனக்கு வரவில்லை. என் பக்கத்துக் கட்டில் பெஷாவர்க்காரர் பெரியவருக்கு வந்தது. தன் கம்பளியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

2022 ஜனவரியிலிருந்து அங்கே புதுச் சட்டம். தன் உபயோகத்துக்கு, முதல் முறை என்றால் முன்பு இரண்டு வருடம் என்று இருந்தது இப்போது மூன்று மாதத்திலிருந்து தொடங்குகிறது. ஆனால் விற்பதற்குக் கொண்டுவந்தான் என்று நியாபா எழுதிவிட்டால் கதையே வேறு, ஆயுள் வரை, அதற்கு மேலும் போகும். 120 மாத்திரை என்பது அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் எண்ணிக்கை. அதனால்தான் சீட்டு, சீட்டு என்று சொல்கிறேன். ஒரு நோயாளியின் இரண்டு மாத மருந்து என்று காட்டிவிட்டால் பாதி பாரம் இறங்கும்.

செம்மண்_செல்வி எழுதியது:

அண்ணன், எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் சொன்ன இரண்டு கேள்வியைக் கேட்டேன். முதலில் சிரித்தார், பிறகு கத்தினார், இப்போது என் எண்ணைத் தடுத்துவிட்டார். நகை வீட்டில்தான் இருக்கிறது.

அந்த மச்சான் முதலில் கதவையே திறக்கவில்லை. அவர் மனைவிதான் உள்ளேயிருந்து மருந்துச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தேதி, பெயர், டாக்டர் முத்திரை எல்லாம் இருக்கிறது. தினம் இரண்டு வேளை என்று எழுதியிருக்கிறது, 60 நாளுக்கு. நாளை ஸ்டேஷனுக்குப் போகிறோம்.

இன்று காலை தம்பி பேசினான். மூன்று நிமிடம். பெரிய சிறைக்கு மாற்றிவிட்டார்களாம். நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் அழுதிருப்பேன். சிறுநீர்ச் சோதனையில் ஒன்றும் இல்லையாம். நியாபாவில் ஒரு முறை கையெழுத்துப் போட்டுவிட்டானாம், என்ன எழுதியிருந்தது என்று தெரியாதாம். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். அம்மாவிடம் கம்பெனி வேலையாகச் சவுதி எல்லைப் பக்கம் போயிருக்கிறான், டவர் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறோம். உண்மையைச் சொல்லலாமா, சர்க்கரை வேறு இருக்கிறது.

டீமாஸ்டர்_தேவகோட்டை எழுதியது:

கையெழுத்து போனால் போகட்டும். நீதிபதி முன்னால் நிற்கும்போது, மொழி புரியாமல் போட்டது என்று முதல் நாளே சொல்லச் சொல்லுங்கள். நான் அதை மூன்று மாதம் கழித்துச் சொன்னேன்.

அம்மா விஷயம் எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. என் அம்மாவிடம் நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை என்று சொல்லியிருந்தார்கள். 13 மாதம். காலாவதியான பாஸ்போர்ட்டுக்குப் பதில் அவுட்பாஸில், அதாவது ஊர் திரும்ப மட்டும் தூதரகம் தரும் பயணத் தாளில், கண்ணை ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டார்கள், 2018 செப்டம்பரில். வீட்டுக்கு வந்த அன்று அம்மா வாளைமீன் குழம்பு வைத்திருந்தாள். இரண்டாவது முறை சோறு போடும்போது, "உள்ள மீனெல்லாம் போட்டாங்களாடா?" என்று கேட்டாள். இல்லம்மா என்றேன். குழம்பை ஊற்றினாள்.